புள்ளி எடுக்காத பையனுக்கும் அணியில் இடம் வேண்டும்: தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மண்டலக் கூடைப்பந்துத் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். இளையோர் அணிக்கான பன்னிருவர் பட்டியலைப் பார்த்தோம். அது எப்படித் தயாரானது என்பது தங்களுக்கும் தெரியும், கும்பகோணம் முதல் வேதாரண்யம் வரை பிள்ளைகளைப் பழக்கிவரும் எங்களுக்கும் தெரியும். தேர்வு ஆட்டங்களின் ஸ்கோர் ஷீட்டில் எவர் பெயருக்கு நேரே புள்ளிகள் அதிகமோ அவர்கள் உள்ளே வந்தார்கள். மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

அந்தத் தாளில் ஓர் ஆட்டக்காரரைப் பற்றிப் பதிவாகுபவை பெரும்பாலும் இரண்டுதான்: அவர் எடுத்த புள்ளிகள், அவர் செய்த ஃபவுல்கள். குறி தவறித் திரும்பும் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்டுக்கு அங்கே கட்டம் இல்லை, சக ஆட்டக்காரருக்கு வழி கிடைக்க எதிரணியினரின் குறுக்கே நிற்கும் ஸ்கிரீனுக்கும் இல்லை. ஆகவே எதிரணியின் தலைசிறந்த ஆட்டக்காரரை ஆட்டம் முழுக்கத் தடுத்து நின்ற பையன், அந்தத் தாளில் ஃபவுல் செய்தவனாக மட்டுமே மிஞ்சுகிறான். எங்கள் பையனுக்கு நேர்ந்தது இதுவே. அவன் தடுத்த ஆட்டக்காரர் அன்று பந்தைக் கையில் வாங்கவே திணறினார் என்பதைக் களத்தருகே நின்ற அனைவரும் கண்டார்கள். தாளிலோ அவனுக்கு இரண்டு புள்ளிகள், நான்கு ஃபவுல்கள். பட்டியல் ஒட்டப்பட்ட மாலை அவன் என்னிடம், "சார், இனிமே பாஸ் கொடுக்காம நானே போடட்டுமா?" என்று கேட்டான். நாற்று நடவுக்கும் அறுப்புக்கும் போகும் பெற்றோரின் மகன் அவன். இந்த வயதுப் பிரிவில் அவனுக்கு இதுவே கடைசி ஆண்டு. அவனுக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்பதைக் குழுவினரே தெரிவிக்க வேண்டுகிறேன்.

அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர் ஷேன் பேட்டியரைத் தாங்கள் அறிவீர்கள். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வின் அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2001-ஆம் ஆண்டு ஆறாவதாக எடுக்கப்பட்ட அவருடைய சராசரி, தொழில்முறை வாழ்க்கை முழுவதையும் சேர்த்தால், ஆட்டத்துக்கு 8.6 புள்ளிகள்தான். புள்ளிகளைக் குவிக்கும் கோபி பிரையன்ட் போன்றவர்களைத் தடுக்கும் பொறுப்பு அவருக்கு வந்தபோது, பந்தைத் தட்டிவிடப் பாய்ந்து ஃபவுல் வாங்காமல், எறிபவரின் கண்ணுக்கு முன்னே கையை நீட்டிப் பார்வையை மறைத்தார்; எவர் எந்த இடத்திலிருந்து எறிந்தால் குறி தவறும் என்று படித்துவைத்து, அந்த இடத்துக்கே அவரைத் தள்ளிச் சென்றார். அவர் களத்தில் நிற்கும் நேரத்தில் தம் அணி எத்தனை புள்ளிகள் முந்துகிறது என்று கணக்கிட்டுப் பார்த்த ஹூஸ்டன் அணி அவருடைய மதிப்பை உணர்ந்திருந்தது. பின்னர் மயாமி அணியோடு 2012, 2013 ஆகிய இரு ஆண்டுகளிலும் அவர் பட்டம் வென்றார். அதே அணியின் யுடோனிஸ் ஹாஸ்லமை 2002 டிராஃப்டில் எவருமே எடுக்கவில்லை. பிரான்ஸுக்குப் போய் ஆடிவிட்டுத் திரும்பியவர், ஒரே அணியில் 20 பருவங்கள் ஆடி மூன்று பட்டங்களில் பங்குபெற்றார். அவர் அணிந்த 40-ஆம் எண்ணை இனி எவருக்கும் கொடுப்பதில்லை என்று அந்த அணி கௌரவித்தது. இவ்விருவரும் நம் தேர்வு ஆட்டத்துக்கு வந்திருந்தால் நம் பட்டியலில் இடம் கிடைத்திருக்காது என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

தேர்வு நாளை முதல்நாள் இரவில் அறிவிப்பதும், சித்திரை வெயிலில் நண்பகலில் சிமென்ட் தரையில் பிள்ளைகளை ஓடவிடுவதும், கடலோர ஊர்ப் பிள்ளைகள் முதல் பேருந்தைப் பிடித்துப் பசியோடு வந்து இறங்குவதும் ஆண்டுதோறும் நடப்பவை. அவற்றைத் தனி மனுவாகவே தருகிறோம். இங்கே கேட்பது ஒன்றுதான். ஸ்கோர் ஷீட்டை மட்டும் வைத்து அணியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ரீபவுண்டு, பாஸ், பறித்த பந்து, எவர் எவரைத் தடுத்தார் என்பவற்றைக் குறிக்க ஒவ்வொரு தேர்வு ஆட்டத்திலும் ஒருவரை உட்காரவையுங்கள். ஆள் இல்லை என்றால் பயிற்றுநர்களாகிய நாங்கள் ஊதியமின்றி வந்து, எங்கள் பிள்ளைகள் ஆடாத ஆட்டங்களில் குறித்துத் தருகிறோம். மாநிலப் போட்டிக்குப் பெயர்களை அனுப்பும் முன்பு, விடுபட்டவர்களை இன்னும் ஒரே ஓர் ஆட்டம் ஆடவிட்டு, தாளைப் பாராமல் ஆட்டத்தைப் பார்த்து முடிவெடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
கூடைப்பந்துப் பயிற்றுநர் ஒருவர்,
மன்னார்குடி