ஈரச் சாக்கு

ஸ்ரீராம்புரம், பெங்களூரு
ஞாயிறு காலை

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள். யஷ்வந்த்பூர் யார்டில் ஹாசன் உருளைக்கிழங்கு முடிந்து ஆக்ரா கிழங்கு வருகிறது. டெல்லியில் குளிர் ஆரம்பித்திருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி லேபிலிருந்து தனியாக நடந்து வராதே.

"அப்புறம் பேசறேன்பா" என்று உன் மெசேஜ் வந்து பதினெட்டு நாள் ஆகிறது. அம்மா காலண்டரில் குறித்துக்கொண்டு வருகிறாள். நானும் தினம் காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் மண்டிக்குக் கிளம்புகிறேன். உனக்கு வேலை இருக்கும்.

நேற்று ஒரு மூட்டையிலிருந்து அந்த நாற்றம் வந்தது. எதைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். அவிழ்த்துப் பார்த்தால் தோல் தோலாகவே இருக்கிறது, அமுக்கினால் உள்ளே கஞ்சி. முப்பது வருஷமாக நாங்கள் இதைத் "தண்ணி விட்டுடுச்சு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். அது பெக்டோபாக்டீரியம் என்ற கிருமியின் வேலை என்று பெயர் சொன்னது நீ. பழைய பெயர் எர்வினியா, எர்வின் ஸ்மித் என்ற அமெரிக்கரின் பெயரில் வைத்தது என்றும் சொன்னாய். கிழங்கில் செல்லையும் செல்லையும் ஒட்டவைப்பது பெக்டின் என்ற பசை, அந்தக் கிருமி பெக்டேட் லையேஸ் என்ற நொதியை வெளியே விட்டு அதை வெட்டுகிறது. செங்கல் அப்படியே இருந்து சாந்து மட்டும் கரைந்தால் சுவர் நிற்குமாப்பா என்று கேட்டாயே, அதை மறக்கவில்லை.

அந்த நொதிக்கான ஜீனை மட்டும் எடுத்து ஈ.கோலை என்ற வேறொரு பாக்டீரியாவுக்குள் வைத்து, நோய் இல்லாமல் நொதியை மட்டும் செய்யவைக்கிறாய். பிறகு நிக்கல் உள்ள வடிகுழாயில் அதைப் பிடித்துச் சுத்தம் செய்கிறாய். செடியின் செல் சுவரை ஆராய்கிறவர்களுக்கு அது கத்தி மாதிரி, பெக்டினை மட்டும் எடுத்துவிட்டு அடியில் மறைந்திருப்பதைப் பார்க்கலாம் என்றாய். வெட்டுப்பட்ட துண்டுகளையே செடி அடையாளம் கண்டு, எதிரி வந்துவிட்டான் என்று விழித்துக்கொள்ளும் என்றும் சொன்னாய். போன பொங்கலுக்கு வந்தபோது சாக்குச் சணலை மூன்று விரலில் சுற்றி, இப்படித்தான் இந்த நொதி மடிந்திருக்கிறது, இந்த மாதிரிச் சுருளை ஒரு புரதத்தில் முதன்முதலில் பார்த்ததே 1993இல், ஒரு பெக்டேட் லையேஸில்தான் என்று காட்டினாய். அந்தச் சணல் இன்னும் கல்லாப் பெட்டியில் இருக்கிறது. மண்டிக்கு வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டி, என் மகள் செய்கிற வேலை என்று சொல்கிறேன்.

இவ்வளவையும் எனக்குப் புரியவைத்த பெண், ஐந்து வருஷ உதவித்தொகை இந்த மாதத்தோடு முடிகிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. தம்பி சொல்லித்தான் தெரியும். அவன் இன்னொன்றும் சொன்னான். அதை நான் கேட்கப் போவதில்லை. ஆனால் பெற்றவர்களுக்கு மூன்றாம் மனிதர் மாதிரிச் சேதி வருவது சரியா? அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நீயாவது நேரத்துக்குச் சாப்பிடு. எதிர்வீட்டுப் பையன் கர்நாடகா எக்ஸ்பிரஸில் வருகிறான், பருப்புப் பொடியும் நாரத்தங்காய் ஊறுகாயும் கொடுத்து அனுப்புகிறோம். பொடி டப்பாவுக்கு அடியில் ஒரு கவர் இருக்கும். திருப்பி அனுப்பாதே.

கடைசியாகப் பேசினபோது நீ சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஈ.கோலை நொதியைச் செய்கிறது, ஆனால் கட்டியாகத் திரண்டுவிடுகிறது, 37 டிகிரியிலிருந்து 18க்கு இறக்கி ராத்திரி முழுக்க வளர்த்தும் கரைசலில் வரமாட்டேன் என்கிறது என்றாய். கொஞ்சம் வந்ததும் வேலை செய்யவில்லை. பஃபர் கரைசலில் இருந்த ஈடிடிஏ என்ற ரசாயனம் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டது, கால்சியம் இல்லாமல் இந்த நொதி ஓடாது, நொதி வெட்டினால் ஒளியை அளக்கும் கருவியில் 235 நானோமீட்டரில் ஏற வேண்டிய கோடு ஏறவே இல்லை என்றாய். குரல் கம்மியிருந்தது. அதற்கு நான் சொன்னது, "அழுகல் கிழங்குக்கு அஞ்சு வருஷமா? நாங்க தள்ளிட்டுப் போய்க்கிட்டே இருப்போம்" என்று. நீ போனை வைத்துவிட்டாய்.

நாங்கள் தள்ளிவிட்டுப் போகவில்லை கயல். நான் போகவில்லை.

நீ ஏழாவது படித்தபோது ஆவணி மழையில் வந்த லோடு ஞாபகம் இருக்கிறதா? இருநூறு மூட்டை, பத்து டன். லாரிக்காரர் தார்ப்பாயைச் சரியாகக் கட்டவில்லை, அதனால்தான் எல்லாம் போயிற்று என்று வீட்டிலும் மண்டியிலும் சொன்னேன். அது பொய். தார்ப்பாய் நன்றாகத்தான் இருந்தது, கிழங்கு வயலிலேயே நனைந்தது. கொட்டிப் பரப்பி, காற்றாட விட்டு, அடிபட்டதைப் பொறுக்கித் தள்ளியிருக்க வேண்டும். கூலிக்குக் கணக்குப் பார்த்தேன். விலை ஏறட்டும் என்று அப்படியே அடுக்கிவிட்டேன். மேலே ஈரம் படிந்தால் கிழங்குக்கு மூச்சு முட்டும், கிருமிக்கு அதுதான் தோது என்பதெல்லாம் பிற்பாடு நீ சொல்லித் தெரிந்தது. ஆனால் ஈரச் சாக்கை அடுக்கக் கூடாது என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு மண்டிக்கு வந்த நீ, ஒரு மூட்டைக்குள் கையை விட்டு, "வழவழன்னு இருக்குப்பா" என்றாய். உன்னை அதட்டி வீட்டுக்கு அனுப்பினேன். ஐந்தாம் நாள் அடி மூட்டையிலிருந்து தண்ணீர் ஓடி வாசல் வரை வந்தது. லாரிக்காரரின் வாடகையில் பாதியைப் பிடித்துக்கொண்டேன். அவர் சண்டை போடவில்லை. "பையனுக்கு பீஸ் கட்டணும் சார்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு நம் மண்டிப் பக்கம் அவர் வரவே இல்லை.

அன்றைக்கு அம்மா உன் கையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவியும், சோறு பிசையும்போது நாற்றம் வருகிறது என்று மூன்று நாள் அழுதாய். நீ ஏன் இந்தக் கிருமியைத் தேர்ந்தெடுத்தாய் என்று நான் கேட்டதே இல்லை. கேட்கப் பயம்.

லாரிக்காரர் இப்போது நெலமங்கலத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். புதன்கிழமை போகிறேன். இது எதுவும் அம்மாவுக்குத் தெரியாது. நீ அவளோடு போனில் பேசும்போது சொல்லிவிடாதே, நானே சொல்லிக்கொள்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா