அம்மா முன் சீட்டில்

சுங்கை சிப்புட்,
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்புள்ள முனியாண்டி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுதாததற்குச் சோம்பல் காரணமில்லை, என் காடி, அதாவது கார்தான். நீ 'வெள்ளைக்காரன் காடி' என்று கிண்டல் செய்வாயே, அது போய்ச் சேர்ந்துவிட்டது.

தைப்பூசத்துக்கு அம்மாவைப் பினாங்கு தண்ணீர்மலைக்குக் கூட்டிப்போய்த் திரும்பும்போது, புக்கிட் பெராப்பிட் ஏற்றத்தில் வெப்ப முள் சிவப்பைத் தொட்டது. கோலகங்சார் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இன்னும் கொஞ்சம் மிதித்தேன். அதுதான் தப்பு. எஞ்சினுக்குத் தண்ணீர் போகும் வழியில் இருந்த ஒரு பிளாஸ்டிக் இணைப்பு வெடித்துவிட்டது. கட்டைவிரல் அளவு சாமான். தண்ணீர் முழுக்கக் கொட்டி, சூட்டில் எஞ்சின் மேல்பாகம் வளைந்துபோனது. நெடுஞ்சாலையை நடத்தும் பிளஸ் நிறுவனத்தின் ரோந்துப் பையன் வந்து கூம்புகளை வைத்துவிட்டு, அம்மாவைத் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் பத்திரமாக உட்கார வைத்தான். 82 வயதில், மடியில் விபூதிப் பையோடு, நெடுஞ்சாலை ஓரத்தில் இரண்டு மணி நேரம். "முருகன் சோதிக்கிறான்" என்றார். அந்தச் சாமானை மாற்றச் சொல்லிப் பட்டறை முதலாளியான தவுக்கே ஒரு வருஷமாய்க் கத்திக்கொண்டிருந்தார் என்பதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

பழுது பார்க்கும் செலவு காடியின் விலையைத் தாண்டியதால் பழைய இரும்புக்காரரிடமே தள்ளிவிட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், அதை ஓட்டிய எட்டு வருஷமும் சுகம். தாப்பாவிலிருந்து ரிங்லெட் ஏறும் பழைய சாலை உனக்குத் தெரியுமே, அதில் ஒவ்வொரு வளைவிலும் சக்கரம் எங்கே நிற்கிறது என்று உள்ளங்கைக்கே தெரியும். அந்தச் சுகத்துக்காகத்தான் அவ்வளவு நாள் அதன் சேட்டையைப் பொறுத்துக்கொண்டேன்.

சரி, அடுத்தது என்ன வாங்குவது? வீட்டிலும் வெளியிலும் எல்லாருடைய பதிலும் நம் நாட்டுப் பெரோடுவாவின் சின்னக் காடி, மைவி. மகன், மருமகள், கோயில் தலைவர், ரொட்டி சானாய் போடும் தம்பி, எல்லாரும். குறை சொல்ல முடியாது. 2005இல் வந்ததிலிருந்து நம் பட்டணத்தில் பாதிப் பேர் வீட்டு வாசலில் அதுதான் நிற்கிறது. நான் தவுக்கேயிடம் கேட்டேன். (நம்மைவிட நல்ல தோட்டத் தமிழ் பேசுவார். தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா என்பதால் என்னைக் 'கிராணி' என்பார்.) அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கிராணி, கெடாத காடி இல்ல. மைவி கெட்டா சாமான் பக்கத்துக் கடையில, அரை மணி நேரம். உன் பழைய காடி கெட்டா சாமான் கோலாலம்பூர்ல, ஒரு வாரம்."

எனக்கு அது நன்றாகப் புரிந்தது. நீ ஷா ஆலாமில் இருக்கிறாய், எந்தக் காடிக்கும் நாலு பட்டறை கிடைக்கும். இங்கே நம்பகம் என்பது தொழிற்சாலையில் பாதிதான், மீதிப் பாதி தவுக்கேயின் அலமாரியில் இருக்கிறது.

புதுக் காடிகளை ஈப்போவில் போய் ஓட்டிப் பார்த்தேன். 1.5 லிட்டர் எஞ்சின் மைவி இலேசாக, சொன்ன பேச்சைக் கேட்டு ஓடுகிறது. முன்பெல்லாம் அதன் ஆட்டோமேட்டிக்கில் நாலு கியர்தான். 2021க்குப் பிறகு வருவது சிவிடி. ஹோண்டா சிட்டியும் அதே வகைதான், எஞ்சின் 121 குதிரைத்திறன், பின் சீட்டு நம் பழைய லயத்து வீட்டு அறை அளவுக்கு இருக்கிறது. இந்தச் சிவிடியில் பல்சக்கரத்துக்குப் பதிலாக, விரிந்து சுருங்கும் இரண்டு உருளைகளுக்கு நடுவே ஒரு பட்டை ஓடும். பெட்ரோல் மிச்சமாகும், குலுக்கல் இல்லை. ஆனால் ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் சத்தம் முதலில் மேலே போகும், காடி அப்புறம் நிதானமாய்ப் பின்னாலேயே வரும். கோபப்படாதே, உன் வீட்டிலும் சிவிடிதான் என்று தெரியும். எனக்குக் காலும் காடியும் சேர்ந்து பேச வேண்டும், அவ்வளவுதான்.

உன் யோசனைப்படி டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்கு ஊட்டும் சாமான்) வைத்த காடியையும் பார்த்தேன். இழுவை பிரமாதம். ஆனால் தோட்டத்து ஆபீஸுக்கும் வீட்டுக்கும் ஐந்து கிலோமீட்டர், அதில் பாதி செம்மண். செம்பனை லாரி குலையைச் சிந்திவிட்டுப் போன ரோட்டில், மழை நாளில் அந்தப் பழத்தின் மேல் டயர் ஏறினால் எந்தக் குதிரைத்திறனும் உதவாது. நான் வேகமாக ஓட்டக்கூடிய சாலைக்கு வருஷத்தில் நாலு தடவை போவேனா? 60 கிலோமீட்டர் வேகத்தில் வளைவுக்குள் நுழையும்போதே சிரிப்பு வரவேண்டும். அதற்கு டர்போ தேவையில்லை, எடை குறைவாக இருந்தால் போதும்.

அப்படித் தேடித்தான் மாஸ்டா 2 என்ற சின்னக் காடியில், பழையது ஒன்றில், வந்து நின்றேன். 1.5 எஞ்சின், டர்போ இல்லை, சாதாரண ஆறு கியர் ஆட்டோமேட்டிக். சாலை வரியும் மைவி 1.5க்குக் கட்டுவது போலவே 90 வெள்ளி (ரிங்கிட்), 1.8க்குப் போனால் 270, 280 ஆகிவிடும். வைத்திருந்தவர் ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியை. சர்வீஸ் புத்தகத்தில் ஒரு பக்கம் விடாமல் முத்திரை இருக்கிறது. தவுக்கே அடியில் படுத்து பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "அப்சார்பர் ரெண்டு மாத்தணும், மத்தது ஓகே. சாமான் ஈப்போவில இருந்து ஒரே நாள்" என்றார்.

2021 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நீ எழுதியது ஞாபகம் வந்தது, உங்கள் ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவில் கூரை வரை முங்கிய காடிகளைப் பற்றி. அதனால் நாலு சீட்டு பெல்ட்டையும் கடைசி வரை இழுத்து மண் கறை தேடினேன், கம்பளத்தைத் தூக்கி மோந்து பார்த்தேன். விற்கும் ஆசிரியை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பணத்துக்கு மகன் புதுக் காடியும் ஒன்பது வருஷக் கடனும் என்றான். 50,000 கடன், வட்டி 3 விழுக்காடு என்று வைத்துக்கொள். தட்டை வட்டிக் கணக்கில் (கடன் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழுத் தொகைக்கே) ஒன்பது வருஷத்துக்கு 13,500 வட்டி மட்டும், மாசம் 588. முடியும்போது எனக்கு 66 வயது. வேண்டாமப்பா. சேமநிதியில் எடுத்து ரொக்கமாகவே கொடுக்கப் போகிறேன்.

ஆனால் உண்மையான தடை பணம் இல்லை. தனியாக ஓட்டும் நான் ஒருவன், பின்னால் அம்மாவை வைத்துக்கொண்டு ஓட்டும் நான் வேறொருவன். முதலாமவன் மாஸ்டா என்கிறான், இரண்டாமவன் மைவி என்கிறான். மாஸ்டாவின் பின் சீட்டு குறுகல், அம்மாவின் முழங்கால் அதற்கு ஒத்துவராது. பெராப்பிட் ஓரத்தில் அவர் உட்கார்ந்திருந்தது வேறு கண்ணை விட்டுப் போகவில்லை. மைவிக்கே முன்பணம் கட்டிவிடலாம் என்று ஒரு ராத்திரி முடிவே செய்துவிட்டேன்.

மறுநாள் அம்மாவையே கூட்டிப்போய் இரண்டிலும் உட்கார வைத்தேன். மைவியில் சுலபமாக ஏறினார், ஒன்றும் சொல்லவில்லை. மாஸ்டாவில் பின் கதவைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, சுற்றி வந்து முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். காலை நீட்டினார். "இதுதான் நல்லா இருக்கு. கோயில் வரைக்கும் ஓட்டிக் காட்டு" என்றார். ஓட்டினேன். வளைவில் கொஞ்சம் வேகம் கூடிவிட்டது போல. "உங்கப்பா சைக்கிள்ல இப்படித்தான் திரும்புவாரு" என்றார்.

பின் சீட்டில் தன்னைத் தள்ளிவிட்டதற்காக என் மனைவி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு நிபந்தனை வந்தது: அவள் பின்னால் இருக்கும் நாளெல்லாம் 90ஐத் தாண்டக்கூடாது. ஒப்புக்கொண்டேன். தாப்பா மேட்டில் யார் 90 போகிறார்கள்?

வியாழக்கிழமை பெயர் மாற்றத்துக்குப் புஸ்பாகோம் வாகனப் பரிசோதனை நிலையத்தில் சோதனை. நாலு டயரும் மாற்ற வேண்டும். பக்கத்தில் 2318 என்று அச்சடித்திருக்கிறது, அதாவது 2018ஆம் ஆண்டு 23ஆவது வாரம் செய்தது. கிள்ளானில் உன் மச்சானின் டயர்க் கடை இன்னும் இருக்கிறதா? அளவு 185/60 ஆர்16. விலை கேட்டு எழுது. தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு பள்ளி விடுமுறையில் வா, புரோட்டோன் சாகா காடி வந்த 1985இல் உன் அப்பாவுக்குத் தெரியாமல் அதை எடுத்துக்கொண்டு போனோமே, அந்த மேட்டுக்கே போவோம். இந்தத் தடவை பெட்ரோல் உன் செலவு.

அன்புடன்,
கணேசன்

பி.கு.: பழைய காடியின் கியர் குமிழை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன். மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க.