தொலைபேசிச் சிரிப்பு

அன்புள்ள மகனுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ பேசி முடித்ததிலிருந்து இந்தக் கடிதத்தை மூன்று முறை தொடங்கி, மூன்று முறையும் கிழித்துப் போட்டேன். முதல் இரண்டும் வெறும் அறிவுரையாக இருந்தன. மூன்றாவதைப் படித்துப் பார்த்தபோது அதில் நான் மிகவும் நல்லவனாகத் தெரிந்தேன். அதனாலேயே அதையும் அனுப்ப மனம் வரவில்லை.

"எல்லாவற்றையும் சரியாகத்தானே செய்தேன், எங்கே தவறினேன் அப்பா?" என்று கேட்டாய். பிறகு செய்தவற்றை வரிசையாகச் சொன்னாய்: நீ விரும்பும் பெண்ணுக்குப் பிடித்தவற்றைக் குறித்து வைத்துக்கொண்டது, பாராட்ட வேண்டிய நேரம் பார்த்துப் பாராட்டியது, சிரிக்க வைத்தது, அவள் அனுப்பிய செய்திகளுக்கு உடனே பதில் எழுதாமல் சில மணி நேரம் காக்க வைத்தது. கடைசியில், கொஞ்சம் எரிச்சலோடு, அவள் சொன்னதையும் சொன்னாய்: "உன்னோடு இருக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டுக்குப் போனபிறகு, யாரோடு பேசிவிட்டு வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை."

நீ அதைப் பழியாக எடுத்துக்கொண்டாய். அந்தப் பெண் தான் கண்டதைக் கண்டபடி சொல்லியிருக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஏனென்றால் 31 ஆண்டுகளுக்கு முன்பு கிட்டத்தட்ட இதையே என்னிடமும் ஒருத்தி சொன்னாள். அவளைத்தான் நீ அம்மா என்று கூப்பிடுகிறாய்.

நான் விற்பனைப் பிரதிநிதிகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பிழைத்தவன் என்பது உனக்குத் தெரியும். அந்த வகுப்புகளில் என்ன சொல்லிக்கொடுத்தேன் என்பதை நீ கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை. எதிரில் இருப்பவரின் பெயரை ஓர் உரையாடலில் மூன்று முறையாவது சொல்ல வேண்டும். அவர் மெதுவாகப் பேசினால் நாமும் மெதுவாகப் பேச வேண்டும், அவர் முன்னால் சாய்ந்தால் சற்றுப் பொறுத்து நாமும் சாய வேண்டும். அவர் சொன்ன கடைசிச் சொல்லையே கேள்வியாகத் திருப்பிச் சொன்னால் அவர் மேலும் பேசுவார். இவையெல்லாம் பலிக்காது என்று நான் சொல்ல மாட்டேன், பலிக்கும். பலித்த பணத்தில்தான் நீ படித்தாய். ஆனால் அந்தச் சொக்குப்பொடி எந்த இடத்தில் வேலை செய்கிறது, எந்த இடத்தோடு நின்றுவிடுகிறது என்பதை வாழ்நாள் முழுவதும் அதை விற்றவன் என்ற முறையில் உன்னிடம் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

அழகாக உடுத்திக்கொள்வதையோ, இனிமையாகப் பேசுவதையோ, ஒருவரைச் சந்திக்கப் போகும்போது படபடப்பை மறைத்துக்கொள்வதையோ நான் பொய் என்று சொல்லவில்லை. விருந்தினர் வருமுன் வீட்டைப் பெருக்கிவைப்பவரை யாரும் வேடதாரி என்று சொல்வதில்லை. வந்தவரை வாசலிலேயே உட்காரவைத்துப் பேசி அனுப்பிவிடுவது வேறு விஷயம். நானும் உன் அம்மாவிடம் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

பழகத் தொடங்கி ஐந்து மாதங்கள் ஆகியிருக்கும். அவள் அலுவலகத்தில் நடந்த ஏதோ ஒன்றைச் சொன்னாள், நான் சிரித்தேன். அவள் பேச்சை நிறுத்திவிட்டு, "இந்தச் சிரிப்பை நீங்கள் தொலைபேசியில் வாடிக்கையாளரிடம் சிரிப்பதைக் கேட்டிருக்கிறேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, தகவல் சொல்வதைப் போலத்தான் சொன்னாள். நான் உடனே ஒரு சாமர்த்தியமான பதிலைத் தேடினேன்; எப்போதும் கைவசம் பத்துப் பதில்கள் இருக்கும், அன்றைக்கு ஒன்றும் அகப்படவில்லை. அவளும் எனக்கு உதவவில்லை. அவள் சொன்னதில் சிரிப்பதற்கு ஒன்றுமே இல்லை என்பதும், தன்னை ஒருவர் அவமானப்படுத்தியதைத்தான் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், பேச்சைக் கேட்கத் தவறியிருந்தேன்.

நெடுநேரம் கழித்து, இதுவரை உனக்கும் சொல்லாத ஒன்றை அவளிடம் சொன்னேன். சிறு வயதில் எனக்குத் திக்குவாய். பள்ளியில் வருகைப் பதிவு எடுக்கும்போது "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வராது; 'உ' என்ற எழுத்திலேயே தொண்டை பூட்டிக்கொள்ளும். வகுப்பு முழுவதும் காத்திருக்கும், பிறகு சிரிக்கும். முன்கூட்டியே ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் மட்டும் தடங்கலின்றி வருவதைக் கண்டுபிடித்தேன். அதனால் எல்லாவற்றையும் ஒத்திகை பார்த்தேன், வராத சொல்லுக்குப் பதிலாக வரும் சொல்லைத் தேடி வைத்துக்கொண்டேன், நாளடைவில் மற்றவர்களைவிடச் சரளமாகப் பேசுபவன் என்று பெயரெடுத்தேன். ஊன்றுகோலாகப் பிடித்ததை ஊர் செங்கோல் என்று நினைத்தது. நானும் அப்படியே நினைக்கத் தொடங்கிவிட்டேன். இதைச் சொல்லும்போது இரண்டு இடங்களில் எனக்குத் திக்கியது. அவள் சொல்லை எடுத்துக் கொடுக்காமல் காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பைப் போல யாரும் அதுவரை என்னிடம் நடந்துகொண்டதில்லை.

வகுப்பெடுப்பதற்காக நான் படித்த ஆய்வுகளில் சில, நான் சொல்லிக்கொடுத்ததற்கே எதிராகப் பேசின; அவற்றை மாணவர்களிடம் சொல்லாமல் விட்டேன். கனடாவின் உளவியலாளர் டெல்ராய் பால்ஹஸ் 1998-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒருவரையொருவர் அறியாத மாணவர்களைச் சிறு குழுக்களாக்கி ஏழு முறை சந்திக்க வைத்தார். தம்மை உள்ளதைவிட உயர்த்திக் காட்டிக்கொள்பவர்கள் முதல் சந்திப்பில் இனிமையானவர்களாகவும் திறமையானவர்களாகவும் மற்றவர்களுக்குத் தோன்றினார்கள். ஏழாவது சந்திப்புக்குள் அந்த மதிப்பு தலைகீழானது. தற்பெருமைக்காரர்கள் என்று அதே குழு அவர்களை மதிப்பிட்டது. விற்பனைப் பிரதிநிதிக்கு இது பெரிய இழப்பில்லை, ஏழாவது சந்திப்புக்கு முன்பே அவன் கையெழுத்து வாங்கிவிடுவான். உனக்கு அப்படியில்லை. நீ தேடுவது ஏழாவது சந்திப்பில்தான் தொடங்குகிறது.

செய்திகளுக்கு வேண்டுமென்றே தாமதமாகப் பதில் எழுதினாய் என்றாயே, அதைப் பற்றி மட்டும் சற்றுக் கடுமையாகச் சொல்கிறேன். விசையைக் கொத்தினால் புறாவுக்குத் தீனி விழும்; ஆனால் எப்போது விழும் என்று கணிக்க முடியாதபடி அமைத்தால், அது கொத்துவதை எளிதில் நிறுத்தாது என்பதை உளவியலாளர்கள் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957-இலேயே விரிவாகப் பதிவு செய்துவிட்டார்கள். சூதாட்ட இயந்திரம் ஓடுவதும் அதே முறையில்தான். ஒரு நாள் அன்பைக் கொட்டி மறுநாள் காணாமல் போகிறவனிடம் ஒரு பெண் தவித்துக் காத்திருக்கிறாள் என்றால், அந்தத் தவிப்பில் அவனைப் பற்றிய எதுவும் இல்லை. யார் அப்படிச் செய்தாலும் மனித மனம் அப்படித்தான் தவிக்கும். அதைக் காதல் என்று இருவரும் தவறாகப் படித்துவிடுவது எளிது. அவள் தவறாகப் படிக்கவில்லை என்பதற்காக நீ அவளுக்கு நன்றிதான் சொல்ல வேண்டும்.

இதற்கு மாற்றாக, "இனிமேல் மனத்தில் பட்டதை அப்படியே பேசிவிடுகிறேன்" என்று நீ கிளம்பிவிடுவாயோ என்றும் பயமாக இருக்கிறது. நான் இப்படித்தான், பிடித்தால் பழகு என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பாதிப்பேர் அந்த முரட்டுத்தனத்தையும் கண்ணாடி முன்னால் பழகியவர்கள். இன்னொரு வகையும் உண்டு. முதல் சந்திப்பிலேயே தன் காயங்களையெல்லாம் எடுத்துப் பரப்பிவைத்து, எதிரில் இருப்பவரும் உருகித் தன்னுடையதைச் சொல்லும்படி செய்பவர்கள். வேடங்களில் இதைக் கண்டுபிடிப்பதுதான் மிகக் கடினம், ஏனென்றால் சொல்லப்படுவது உண்மையாகவே இருக்கும். யாரிடம் சொல்கிறோம் என்பது மட்டும் சொல்பவருக்கு ஒரு பொருட்டாக இருக்காது. நான் உன் அம்மாவிடம் சொன்ன அதே கதையைப் பிற்பாடு ஒரு பயிற்சி வகுப்பில் நெகிழ்ச்சிக்காகச் சொல்லிப் பார்த்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அதன்பின் இன்றுவரை அதை எங்கும் சொன்னதில்லை.

ஆர்தர் ஆரன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1997-இல் வெளியிட்ட சோதனையைப் பற்றி நீயே எனக்கு ஒருமுறை சொன்னாய்: முன்பின் தெரியாத இருவர் 36 கேள்விகளை மாறிமாறிக் கேட்டுப் பதில் சொன்னால், முக்கால் மணி நேரத்தில் நெருக்கம் கூடுகிறது என்று. அந்தக் கேள்விகளை மனப்பாடம் செய்ததாகவும் சொன்னாய். அந்தச் சோதனையின் உயிர் கேள்விகளின் பட்டியலில் இல்லையப்பா. ஒருவர் கொஞ்சம் திறந்தால் மற்றவரும் அதே அளவு திறக்கிறார், பிறகு இருவரும் இன்னும் கொஞ்சம். இருவருமே அடுத்த படி எங்கே கொண்டுபோகும் என்று தெரியாமல் இறங்குகிறார்கள். விடைகளைத் தயார் செய்துகொண்டு வருபவன் படியிலேயே நின்றுகொண்டு அவளை மட்டும் கீழே இறக்குகிறான்.

நீ சொன்னவற்றில் எனக்கு மிகவும் கவலை தந்தது ஒரு சாதாரண வாக்கியம். அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் தூக்கம் கண்ணை இழுக்கும் என்றாய். ஆர்லி ஹோக்‌ஷீல்ட் என்ற சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983-இல் எழுதியதை அப்போது நினைத்துக்கொண்டேன். சிரிப்பதே வேலையாகிவிட்டவர்களுக்கு, பணிநேரம் முடிந்த பிறகும் அந்தச் சிரிப்பு யாருடையது என்று தெரியாமல் போவதை அவர் எழுதியிருந்தார். விருப்பமானவளோடு இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு ஒருவனுக்கு ஏன் பணிநேரம் முடிந்தவனின் அலுப்பு வர வேண்டும்? இதை நான் கேட்கலாம், ஏனென்றால் அந்த அலுப்பை எனக்குத் தெரியும்.

உன் அம்மாவுக்கும் எனக்கும் இடையில் அதற்குப் பிறகு பெரிதாக எதுவும் நடந்துவிடவில்லை. சின்னச் சின்னதாக நடந்தது. ஜான் காட்மன் என்ற ஆய்வாளர் புதுமணத் தம்பதியரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தவர். ஒருவர் சன்னலுக்கு வெளியே பார்த்து "அதோ, ஒரு பறவை" என்கிறார். மற்றவர் நிமிர்ந்து பார்க்கிறாரா, பார்ப்பதில்லையா என்பதை அவர் எண்ணினார். ஆறு ஆண்டுகள் கழித்தும் சேர்ந்திருந்தவர்கள் இத்தகைய சிறு அழைப்புகளில் 100-க்கு 86 முறை திரும்பிப் பார்த்தவர்கள் என்றும், பிரிந்துவிட்டவர்கள் 33 முறைதான் பார்த்தவர்கள் என்றும் எழுதினார். எண்ணிக்கையை விடு. பறவையைப் பார்ப்பதற்கு எந்தச் சாமர்த்தியமும் தேவையில்லை என்பதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பேசத் தெரிந்தவனாக இருந்தே ஆக வேண்டும் என்று பத்து வயதில் முடிவு செய்தவன் நான்.

அந்தப் பெண்ணிடம் மறுபடி போய்ப் பேசு என்றோ, விட்டுவிடு என்றோ நான் சொல்லப்போவதில்லை. அவளிடம் போவதானால் அவளை மீட்பதற்கான திட்டம் எதுவும் இல்லாமல் போ. அவள் மறுத்துவிட்டால் அந்த மறுப்பையும் நீ கேட்டுக்கொள்ள வேண்டும். சாமர்த்தியசாலிகளால் அதுதான் முடிவதில்லை.

இன்னொன்று, என்னைப் பற்றியது. ஞாயிறன்று அவள் சொன்னதைச் சொல்லி முடித்ததும் நீ சற்று நேரம் பேசாமல் இருந்தாய். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. நான் அந்த இடைவெளியைத் தாங்காமல் பழைய வேடிக்கைக் கதை ஒன்றை எடுத்துவிட்டேன். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பை எங்கே கேட்டிருக்கிறேன் என்று இரவு முழுவதும் யோசித்தேன். என் தொலைபேசிச் சிரிப்புதான் அது, அச்சு அசலாக. குழந்தையாக நீ பக்கத்தில் விளையாடிக்கொண்டிருக்கும்போதுதான் நான் வாடிக்கையாளர்களிடம் பேசுவேன்.

அந்த மௌனத்துக்குப் பிறகு நீ என்ன சொல்ல வந்தாய்? வரும் ஞாயிறு நானே அழைக்கிறேன். கதை எதுவும் தயார் செய்துகொள்ளப் போவதில்லை. இடையில் எங்காவது எனக்குத் திக்கினால் கொஞ்சம் பொறுத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா