வடக்கே போன கவச விலங்குகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கண்டங்களின் அழிந்துபோன விலங்குகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். இரு அமெரிக்கக் கண்டங்களையும் இணைக்கும் பனாமா நிலப்பாலம் உருவானதும் வடக்கிலிருந்து வந்த விலங்குகளிடம் தென் அமெரிக்க விலங்குகள் தோற்று ஒழிந்தன என்கிறது கட்டுரை. உடலை எலும்புத் தகட்டு ஓடு மூடியிருந்த கவச விலங்குகள் விஷயத்தில் இதை ஏற்க முடியவில்லை.

அதே பாலத்தின் வழியே இவை வடக்கே போயின. மடங்காத ஓடு கொண்ட பெரிய கிளிப்டோடான் வகையைச் சேர்ந்த கிளிப்டோதீரியம் மெக்சிகோவைக் கடந்து டெக்சாஸ், அரிசோனா, புளோரிடா வரை பரவியது. அவற்றைப் போலவே ஓடு கொண்ட இன்னொரு குடும்பமான பாம்பதீர்களில் ஒன்றான ஹோம்சினா புளோரிடாவில் சுமார் 20 லட்சம் ஆண்டுகள் வாழ்ந்தது. அங்கே கிடைத்த எலும்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், காலம் போகப் போக அதன் உடல் பெருத்துக்கொண்டே வந்தது தெரியும். இப்படி வளர்ந்து செழித்த விலங்கைத் தோற்றது என்று எப்படிச் சொல்வது?

கடைசியில் இவை அழிந்தது உண்மைதான். ஆனால், ஏறத்தாழ அதே காலத்தில், பனியுகத்தின் முடிவில், வாள்பல் பூனைகளும் அமெரிக்கக் குதிரைகளும் சேர்ந்தே மறைந்தன. அவை வடக்கத்திய விலங்குகள்தானே! பருவநிலை மாற்றத்தையும் மனிதர்களின் வேட்டையையும் கட்டுரை தொடவே இல்லை. புவெனஸ் அயர்ஸ் அருகே கிடைத்த ஒரு கிளிப்டோடான் வகை விலங்கின் எலும்புகளில், கல் கருவியால் இறைச்சியை அறுத்த தடங்கள் இருப்பதாக 2024இல் ஆய்வு வெளியானது. அந்த எலும்புகளின் வயது சுமார் 21,000 ஆண்டுகள்.

இன்னொன்று. கிளிப்டோடான்களை, இன்றும் வாழும் ஓடு போர்த்திய பாலூட்டிகளான ஆர்மடில்லோக்களின் மூதாதை என்று எழுதியிருக்கிறீர்கள். 2016இல், ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள டோடிகுரஸ் என்ற கிளிப்டோடானின் ஓட்டுத் துண்டிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். கிளிப்டோடான்கள் ஆர்மடில்லோக்களுக்குள்ளேயே, சுமார் 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்த ஒரு கிளை என்று அது காட்டியது. இன்று அர்ஜென்டினாவில் மணலுக்குள் வாழும், 100 கிராம் அளவே எடையுள்ள இளஞ்சிவப்பு ஆர்மடில்லோ அவற்றின் நெருங்கிய உறவுகளில் ஒன்று. எனக்கு இதைவிட வியப்பான செய்தி சமீபத்தில் கிடைக்கவில்லை.

கட்டுரையோடு வந்த படத்தில் பாம்பதீரின் ஓட்டை ஒரே கட்டியாக வரைந்திருப்பதும் சரியில்லை. கிளிப்டோடானின் ஓடுதான் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடித்த எலும்புத் தகடுகள் இறுகிய, மடங்காத கூடு. பாம்பதீருக்கோ நடுவில் அசையும் மூன்று பட்டைகள் இருந்தன. அதனால் உடலைக் கொஞ்சம் வளைக்க முடிந்தது.

இந்த வடக்குப் பயணம் இன்றும் தொடர்கிறது. ஒன்பது பட்டை ஆர்மடில்லோ 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மெக்சிகோ எல்லையிலுள்ள ரியோ கிராண்டே ஆற்றைத் தாண்டி டெக்சாஸுக்குள் நுழைந்தது. இப்போது நெப்ராஸ்கா, இல்லினாய் வரை எட்டிவிட்டது. உடலில் கொழுப்பு குறைவு, குளிர்கால உறக்கமும் கிடையாது. அதனால் கடுங்குளிர்தான் அதற்கு எல்லை. அதைப் பற்றியும் பாம்பதீர்களைப் பற்றியும் தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுங்கள். மூதாதை என்ற பிழைக்கு அடுத்த இதழிலேயே திருத்தம் போட்டால் நல்லது. பள்ளிப் பிள்ளைகள் உங்கள் அறிவியல் பக்கத்தை வெட்டி ஒட்டி வைக்கிறார்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், திருநெல்வேலி