வடசேரி பேர்ல ஆன்லைன்ல விக்குத போலி நகை: கலெக்டர் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்ட கலெக்டர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் நாகர்கோவில் பார்வதிபுரத்துல இருக்கேன். எனக்க மவ ஆறு வருஷமா பரதம் படிக்கா, இந்த வருஷம் சலங்கை பூஜை வைக்கலாம்னு டீச்சர் சொன்னாங்க, அதுக்கு தலைசாமான் செட் வேணும்னு, கோயில் நகை செய்யுத நம்ம நாகர்கோவில் வடசேரில ஒரு ஆசாரிகிட்ட கேட்டா கையில ஏற்கெனவே ஆர்டர் நிறைய கெடக்கு ரெண்டு மாசம் ஆவும்னுட்டாரு. அந்த சமயம் பாத்து போன்ல ஒரு பேஜ் வந்துச்சு. 'ஒரிஜினல் நாகர்கோவில் டெம்பிள் ஜுவல்லரி, வடசேரி ஆசாரிமார்கிட்டயிருந்து நேரடியா, ஜிஐ டேக் உள்ளது'ன்னு போட்டு, நெத்திச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, ஜிமிக்கி, மாட்டல், ஒட்டியாணம் எல்லாம் சேத்து 8,500 ரூபா. ஜிஐன்னா ஒரு ஊருக்குன்னே உள்ள பொருளுக்கு அரசாங்கம் பதிஞ்சு குடுக்குத புவிசார் குறியீடு. நம்ம ஊர் பேரைப் பாத்து நம்பி யூபிஐல பைசா அனுப்பிட்டேன்.

பார்சல் வந்துச்சு, பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு நாள் ரிகர்சலுக்குப் போட்டுவிட்டேன், ரெண்டு மணி நேரம் ஆடி வேர்த்து வந்து கழட்டுதப்போ பிள்ளைக்க நெத்தியிலயும் கழுத்துலயும் பச்சையா கறை, சொறிஞ்சு சொறிஞ்சு செவந்து போச்சு. அந்தப் பேஜுக்கு மெசேஜ் போட்டா நோ ரிட்டர்ன்னு ஒரே பதில், மறுநாள் என்னை பிளாக் பண்ணிட்டாங்க.

மனசு கேக்காம அந்த செட்டைத் தூக்கிட்டு வடசேரிக்கே போனேன். அந்த ஆசாரி ஒரு வார்த்தையும் பேசாம சூரியப்பிறையை எடுத்து முதல்ல பின்பக்கத்தைத் திருப்பினாரு. பித்தளை வார்ப்பு, பின்னால குழி குழியா இருக்கு, ஓரத்துல ஊசி குத்தின மாதிரி காத்துக்குமிழி தடம். அப்புறம் அவரு செஞ்சு வச்சிருந்த ஒண்ணை எனக்க உள்ளங்கையில வச்சாரு, கையில வச்ச உடனே கனம் தெரியுது. பின்பக்கம் வெள்ளித்தகடு, சுத்தமா மூடி இருக்கு. முன்னால ஒவ்வொரு செவப்பு கெம்பு கல்லைச் சுத்தியும் தங்கத்தகடை அமுக்கி அமுக்கி கல்லைப் பிடிச்சு நிறுத்தி வச்சிருக்கு. எனக்கு வந்ததுல கல்லு எல்லாம் பசையில ஒட்டுனது, நகத்தால நெம்பினா ரெண்டு கல்லு கழண்டு மேசையில விழுந்துச்சு, அதுக்கடியில காஞ்ச பசை பளபளன்னு தெரியுது. இன்னொண்ணும் காட்டினாரு, கையால செஞ்சதுல ரெண்டு அன்னம் இருந்தா ரெண்டும் ஒரு நூல் அளவாவது வித்தியாசப்படும், வார்ப்புல எல்லா அன்னமும் ஒரே அச்சு.

கடைசியா அந்தப் பேஜ்ல இருந்த போட்டோவைக் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, "இது நான் செஞ்ச செட்டும்மா, போன வருஷம் ஒரு டீச்சருக்கு செஞ்சு குடுத்தது"ன்னாரு. அவரு வேலையோட போட்டோவைத் திருடிப் போட்டு, அவரு ஊர் பேரையும் போட்டு, பித்தளையை வித்திருக்காங்க. அவரு மொகத்தைப் பாத்த பொறவுதான் இந்த மடலை எழுதணும்னு தோணுச்சு, எனக்கு போன பைசாவுக்காக மட்டும் எழுதல.

கவரிங் செட் விக்கிறதை நான் தப்புன்னு சொல்லல. பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு ஒரு பாட்டுக்கு ஆடுத பிள்ளைக்கு அது போதும், எத்தனையோ வீட்டுல அதுதான் முடியும். கவரிங்னே சொல்லி விக்கட்டும். சுவாமிக்கு சாத்துததுக்குன்னு தலைமுறை தலைமுறையா செஞ்சு வந்த நகைக்க பேரை எடுத்து அதுமேல ஒட்டுறதுதான் பொறுக்கல.

எனக்க தம்பி ரே-பான் கூலிங் கிளாஸ் ஆன்லைன்ல வாங்குனப்போ வந்த உடனே ஜன்னல் பக்கத்துல போய் சாச்சுப் பாத்தான், இடது கண்ணாடி ஓரத்துல பொடிசா 'ஆர்பி'ன்னு செதுக்கி இருக்கணுமாம். நைக்கி ஷூன்னா நாக்குக்கு உள்ள இருக்க லேபிள் நம்பரும் பெட்டி மேல இருக்க நம்பரும் ஒண்ணா இருக்கணும். லூயி விட்டான் பேக்ல 2021லயிருந்து உள்ளயே சிப் வைக்காங்க. இந்த அடையாளம் இருந்தாலே ஒரிஜினல்னு அடிச்சுச் சொல்ல முடியாதுதான், போலி செய்றவன் அதையும் செய்வான், ஆனாலும் வாங்குதவனுக்கு தேடிப் பாக்க ஏதோ ஒண்ணு இருக்கு. வெளிநாட்டு கண்ணாடிக்கு இருக்கது நம்ம வடசேரி நகைக்கு ஏன் இல்ல? ஜிஐ 2007-08லயே கிடைச்சாச்சு. ஆனா என்னை மாதிரி ஒரு அம்மா போன்ல பாத்துட்டு இது நிஜமா போலியான்னு கண்டுபிடிக்க என்ன வழி இருக்கு? ஜிஐ டேக்னு எவன் வேணும்னாலும் டைப் பண்ணிரலாம்.

சட்டம் இருக்குங்க. பொய்யான புவிசார் குறியீடு போட்டு வித்தா 1999ம் வருஷ சட்டப்படி ஆறு மாசத்துலயிருந்து மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், 50,000லயிருந்து 2 லட்சம் வரைக்கும் அபராதம். 2020ல வந்த இ-காமர்ஸ் விதிப்படி விக்கிறவன் பேரு, அட்ரஸ், புகார் அதிகாரி விவரம் எல்லாம் காட்டணும், புகார் குடுத்தா 48 மணி நேரத்துக்குள்ள வந்து சேந்துச்சுன்னு சொல்லி ஒரு மாசத்துக்குள்ள தீக்கணும். எனக்கு வித்த பேஜ்ல ஒரு ஊர் பேருகூட கிடையாது. நான் நுகர்வோர் உதவி நம்பர் 1915க்கு கூப்பிட்டு புகார் பதிஞ்சாச்சு, பைசா போனதுக்கு சைபர் கிரைம் நம்பர் 1930லயும் சொல்லியாச்சு. நுகர்வோர் கோர்ட்டுல நாம இருக்க ஊர்லயே கேஸ் போடலாம், வாங்குன பொருளுக்கு குடுத்த பைசா 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் கிடையாது, இது நம்ம ஊர்ல எத்தனை பேருக்குத் தெரியும்னு நினைக்கிறீங்க.

நான் கேக்குதது இதுதான். வடசேரில ஜிஐக்கு முறையா பதிவு பண்ணின ஆசாரிமார் யாரு யாருன்னு மாவட்ட வெப்சைட்ல தமிழ்ல ஒரு லிஸ்ட் போடுங்க, அவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர் இருக்கட்டும், நகையோட ஒரு கார்டு வரட்டும், அதுல இருக்க கியூஆரை ஸ்கேன் பண்ணினா செஞ்சவரு பேரும் எடையும் பின்பக்க போட்டோவும் தெரியட்டும். பதிவு பண்ணாத ஆசாரிமாருக்கு வடசேரிலயே ஒரு முகாம் போட்டு பதிஞ்சு குடுங்க, வேலையை விட்டுட்டு ஆபீஸ் ஆபீஸா அலைய அவங்களால முடியாது. நம்ம ஊர் பேரை போட்டு பித்தளை விக்கித பேஜ்களை எடுக்கச் சொல்லி உங்க ஆபீஸ்லயிருந்து லெட்டர் போகணும், நான் ரிப்போர்ட் அடிச்சா ஒருத்தனும் கண்டுக்க மாட்டான், கலெக்டர் சீல் வச்சு போனா பாப்பாங்க. நம்ம மாவட்டத்து மட்டி வாழைப்பழத்துக்கும் 2023ல ஜிஐ வந்தாச்சு, இதுக்கு ஒரு வழி பண்ணினா அதுக்கும் ஆவும்.

அதுவரைக்கும் வாங்குத அம்மாமார் பின்பக்க போட்டோவும் கிராம் கணக்குல எடையும் கேளுங்க, கையில வச்சு திருப்பிக் காட்டுத வீடியோ கேளுங்க. அவங்க போட்டோவை கூகுள் லென்ஸ்ல போட்டுத் தேடுங்க. நான் பிற்பாடுதான் தேடினேன், அதே போட்டோ மூணு பேஜ்ல மூணு விலையில இருந்துச்சு.

வர்ற திங்கக்கிழமை குறைதீர் நாளுக்கு இந்த செட்டை கொண்டு வாறேன், ஆசாரியும் அவரு செஞ்ச சூரியப்பிறையோட கூட வாறேன்னு சொல்லியிருக்காரு. ரெண்டையும் உங்க மேசையில வைக்கோம், பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க.

இப்படிக்கு,
பார்வதிபுரத்துலயிருந்து ஒரு அம்மா