சாலையைக் கடக்க 17 நொடி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்கெல்லாம் வண்டியை எடுக்காதீர்கள், நடந்து போங்கள், மிதிவண்டியில் போங்கள் என்ற அறிவுரை அரசு விளம்பரங்களிலும் மருத்துவர்களின் அறைகளிலும் பள்ளி மேடைகளிலும் சலிக்காமல் சொல்லப்பட்டு வருகிறது. அறிவுரையில் பிழை ஏதும் இல்லை. ஆனால் நகரத்தில் இருப்பவர்கள் சோம்பேறிகளாகிவிட்டார்கள், அதனால்தான் நடப்பதில்லை என்று அதற்குள் மறைந்திருக்கும் குற்றச்சாட்டை என்னால் ஏற்க முடியவில்லை.

என் வீட்டிலிருந்து நூலகம் 900 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. எவ்வளவு மெதுவாக நடந்தாலும் கால் மணி நேரம் போதும் என்பதால் பெரும்பாலும் நடந்தே போகிறேன். வழியிலுள்ள நடைபாதை, கார் ஏறி இறங்குவதற்காக ஒவ்வொரு வாசலிலும் சரித்து வெட்டப்பட்டு, அதைத் தாண்டியதும் மறுபடி அரையடி உயர்கிறது. ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். 23 முறை ஏறி இறங்கியிருந்தேன். வெட்டப்படாமல் சமமாக இருக்கும் இடங்களில் இருசக்கர வாகனங்கள் நிற்கின்றன. ஓரிடத்தில் மின்இணைப்புப் பெட்டி ஒன்று பாதையின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு நிற்பதால், அங்கே எல்லாரும் சாலையில் இறங்கித்தான் நடக்கிறோம். இறங்கி நடப்பவர்களைப் பார்த்து, நடைபாதை இருக்கும்போது இவர்களுக்கு நடுரோட்டில் என்ன வேலை என்று வண்டியிலிருப்பவர்கள் ஒலிப்பானை அழுத்துவதும் அன்றாடம் நடப்பதுதான்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது சாலையைக் கடப்பது. சென்ற மாதம், எழுபதைத் தாண்டிய என் அக்காவை உடன் அழைத்துச் சென்றேன். பச்சை மனிதன் தோன்றியதும்தான் இறங்கினோம். பாதிக்குச் சற்று மேலே போவதற்குள் விளக்கு மின்னத் தொடங்கிவிட்டது. எதிர்ப்புறத்து வண்டிகள் உறுமிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தன. அக்கா என் முன்கையை இறுகப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். முன்னே போகவும் மனமில்லை, திரும்பவும் வழியில்லை. வீடு வந்து சேர்ந்தபின், “இனிமேல் என்னை வண்டியிலேயே கூட்டிக்கொண்டு போ” என்றார். ஒரு குறும்பயணம் நடையிலிருந்து வண்டிக்கு மாறுவது இப்படித்தான். அதில் சோம்பலுக்கு என்ன பங்கு இருக்கிறது?

மறுநாள் கைக்கடிகாரத்துடன் அங்கே போய் நின்றேன். பச்சை 12 நொடி எரிகிறது. சாலையின் அகலம் சுமார் 14 மீட்டர். பாதசாரி ஒருவர் நொடிக்கு ஏறத்தாழ 1.2 மீட்டர் நடப்பார் என்று கொள்வது பல நாடுகளின் போக்குவரத்துப் பொறியாளர்களிடம் நெடுங்காலமாக உள்ள வழக்கம். அதன்படி 12 நொடி கணக்காகச் சரிதான். ஆனால் முழங்கால் வலியுள்ள முதியவர் நொடிக்கு 0.8 மீட்டர் நடந்தாலே பெரிது. அவருக்கு 17 நொடிக்கு மேல் வேண்டும். குழந்தையை இடுப்பில் வைத்திருப்பவருக்கும், ஊன்றுகோலுடன் வருபவருக்கும் அப்படியே. ஆக, அந்த விளக்கு திடகாத்திரமான ஒருவரை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டிருக்கிறது. அவரோ பெரும்பாலும் வண்டியில்தான் இருக்கிறார்.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், ஓட்டுபவர் ஆபத்தைக் கண்டு பிரேக் போட்டு முழுதாக நிற்பதற்குள், காய்ந்த சாலையில் சுமார் 13 மீட்டர் ஓடிவிடும். வேகம் 50 ஆனால் அத்தூரம் இரட்டிப்புக்கும் சற்று அதிகமாகிறது. மக்களும் வாகனங்களும் கலந்து புழங்கும் தெருக்களில் 30-ஐ உச்ச வரம்பாக்க வேண்டும் என்று 2020-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாட்டின் பிரகடனம் கூறியது. ஸ்பெயின் 2021 மே மாதம் முதல், திசைக்கு ஒரு தடம் மட்டுமே உள்ள நகரச் சாலைகளில் அதைச் சட்டமாகவே நடைமுறைப்படுத்தியது.

மிதிவண்டிப் பேச்சை எடுத்தாலே, அதெல்லாம் நெதர்லாந்துக்காரர்களுக்குப் பிறவியிலேயே வந்தது, நமக்கு ஒத்துவராது என்று சொல்லிவிடுவார்கள். அது உண்மையில்லை. அங்கும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் கார்கள் பெருகி மிதிவண்டிகள் குறைந்துகொண்டேதான் வந்தன. 1971-ஆம் ஆண்டில் மட்டும் அந்தச் சிறு நாட்டின் சாலைகளில் 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்ற முழக்கத்துடன் பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். 1973-இன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, அரசு வழிக்கு வந்தது. இன்று நாம் வியந்து பார்க்கும் தனிப்பாதைகள் அதற்குப் பின்னர் ஒவ்வொன்றாகப் போடப்பட்டவை.

வெயில் என்பது அடுத்த ஆட்சேபம். வெயிலுக்குப் பெயர்போன ஸ்பெயின் நாட்டு செவில் நகரம், 2006-க்குப் பின் சில ஆண்டுகளுக்குள் தடுப்புடன் கூடிய மிதிவண்டிப் பாதைகளை ஒன்றோடொன்று இணையும்படி நகர் முழுக்க அமைத்தது. மிதிவண்டிகள் பல மடங்கு பெருகின. இணைப்புதான் இதில் சூட்சுமம். பாலத்தடியில் தொடங்கி 300 மீட்டர் தாண்டிக் குப்பைத் தொட்டியில் முடியும் பச்சை வண்ணப் பட்டையைத் திறந்துவைத்துவிட்டு, யாருமே பயன்படுத்தவில்லையே என்று குறைப்படுவதில் நியாயமில்லை. மரநிழலும் வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நோயாளிகள், சுமை கொண்டு செல்பவர்கள், அவசரத்தில் இருப்பவர்கள் வண்டியில்தான் போவார்கள், போகட்டும். மற்றவர்கள் இறங்கிக்கொண்டால் அவர்களுக்கும் சாலை காலியாகும். ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்து மிதிவண்டிகள் நிற்கும் என்பது தெரிந்ததுதான். அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு: காரின் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர், ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய பிறகே சரியாக வேலை செய்யத் தொடங்கும். ஆறிய நிலையில் கிளம்பி ஒரு கிலோமீட்டரில் நின்றுவிடும் கார் கக்கும் நச்சில் பெரும்பகுதி, அந்தச் சூட்டை எட்டும் முன்பே வெளியேறிவிடுகிறது. அதாவது, கிலோமீட்டருக்கு மிக அதிகமாக நச்சைக் கக்கும் பயணம், எதைக் காலால் எளிதில் முடிக்கலாமோ அந்தப் பயணம்தான்.

நடைபாதையைச் சீரமைக்க நிதி வேண்டும், காலம் வேண்டும் என்பதை அறிவேன். ஆனால் அந்தச் சந்திப்பில் பச்சையை 12 நொடியிலிருந்து 18 நொடியாக்கப் பள்ளம் தோண்ட வேண்டியதில்லை, ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டியதில்லை. கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து ஓர் எண்ணை மாற்றினால் ஆயிற்று. இதைக் கேட்டு உரிய அலுவலகத்துக்கு மனு அனுப்பினேன். மனு கிடைத்தது என்ற ஒப்புகைச் சீட்டு வந்திருக்கிறது. விளக்கு இன்றும் 12 நொடிதான் எரிகிறது. அக்காவுக்கு வேண்டிய புத்தகங்களை நானே எடுத்துவந்து கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்