‘கிளாஸ் எடுக்கலாமே’ என்று சொல்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐ.டி. கம்பெனிகளில் ஆட்குறைப்புச் செய்தி வரும்போதெல்லாம் வேலைவாய்ப்புப் பக்கங்களில் ஒரு யோசனையும் கூடவே வருகிறது. இருபது, இருபத்தைந்து வருடம் புரோகிராம் எழுதியவர் சொந்தமாகப் பயிற்சி வகுப்பு நடத்தலாம், ஆலோசகர் ஆகலாம் என்பார்கள். யோசனை சரிதான். கோவைக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே, இரு மாநில எல்லையான வாளையாறின் இரண்டு பக்கமும், இதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கட்டுரைகளில் கணக்கு மட்டும் இருப்பதே இல்லை. பாடம் கரைத்துக் குடித்தவர்கள்கூட நாள்கணக்குப் போடத் தெரியாமல் திரும்ப வேலை தேடிப் போகிறார்கள்.

மாதம் 1.2 லட்சம் சம்பளம் வாங்கியவர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 14.4 லட்சம். 365 நாளில் சனி, ஞாயிறு 104 போக, பண்டிகை, காய்ச்சல், கல்யாணம் என்று இன்னொரு இருபது போனால் கையில் 240 நாள். அத்தனை நாளும் காசு வராது. பாடம் தயாரிக்க, விலைப்புள்ளி கொடுக்க, பேருந்தில் போய்வர, பாக்கி கேட்டு அலைய, புதிதாகப் படிக்க என்று பாதிக்கு மேல் போய்விடும். 100 நாள் கூலி வந்தால் நல்ல வருடம். மருத்துவக் காப்பீடு, கம்பெனி போட்டுவந்த பி.எஃப். பங்கு, மடிக்கணினி, பயணம் எல்லாம் சேர்த்து 3 லட்சம் கூட்டினால் 17.4 லட்சம். ஆக ஒரு நாளுக்கு 17,400 ரூபாய் வாங்கினால்தான் பழைய நிலை. ஒரு கல்லூரி மணிக்கு 1,000 ரூபாய் என்று பேசி ஆறு மணி நேரம் கொடுத்தால் நாளுக்கு 6,000 தான். அப்படியே 100 நாள் போனாலும் 6 லட்சத்தைத் தாண்டாது. மணிக்கணக்கில் விலை பேசாமல் நாள்கணக்கில் பேச வேண்டும். கல்லூரி வகுப்புகளோடு தொழிற்சாலை, கம்பெனி ஆலோசனை நாள்களும் கலந்தால்தான் வண்டி ஓடும்.

எதைச் சொல்லித்தருவது என்பதிலும் பலர் சறுக்குகிறார்கள். ‘பைத்தான் கற்றுத்தருகிறேன்’ என்றால் யாரும் கூப்பிட மாட்டார்கள்; இலவச வீடியோ ஆயிரம் கிடக்கிறது. தன் கையால் பழுது பார்த்தது எதுவோ அதுதான் விலை போகும். பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோடு பக்கமோ கோவையிலோ ஒரு சிறு ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் காலையில் பில் போட்டால் பதிவாகவில்லை. பழைய பில்லைப் பார்க்க முடிகிறது, புதிதாக ஏறமாட்டேன் என்கிறது. கம்ப்யூட்டரை அணைத்துப் போடுகிறார்கள், வைரஸ் என்கிறார்கள், ஹார்டு டிஸ்க்கில் இடம் பார்க்கிறார்கள்; இடம் தாராளமாக இருக்கிறது. பெரும்பாலும் காரணம் வேறு. பில் போடும் மென்பொருள் ஓடுவது, தரவுகளைச் சேமித்துவைக்கும் மைக்ரோசாஃப்டின் இலவச எஸ்.க்யூ.எல். சர்வர் எக்ஸ்பிரஸில். 2022 பதிப்பு வரை அதில் ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபிக்கு மேல் வளராது. நடந்த மாற்றங்களைக் குறித்துவைக்கும் லாக் கோப்பு இந்த வரம்பில் சேராது என்பதால் கோப்புகளின் மொத்த அளவைப் பார்ப்பவர் குழம்புவார். டேட்டாபேஸுக்குள் எந்த டேபிள் (அட்டவணை) எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று முதலில் வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். ஸ்கேன் செய்த பில் படங்களை டேபிளுக்குள்ளேயே திணித்திருப்பார்கள், அல்லது யாரும் படிக்காத தணிக்கைப் பதிவுகள் வருடக்கணக்கில் குவிந்திருக்கும். பேக்கப் எடுத்து, அதை வேறு ஒரு கணினியில் ரெஸ்டோர் செய்து திறந்து பார்த்த பிறகே எதையும் நீக்கலாம். ரெஸ்டோர் ஆகாத பேக்கப் எத்தனை ஆலைகளில் தூங்குகிறது என்று தெரிந்தால் முதலாளிகளுக்குத் தூக்கம் வராது. அரை நாள் வேலை. ஆனால் அரை நாளில் முடிப்பதற்குப் பின்னால் இருபது வருடம் இருக்கிறது. இதற்கும் ஒரு முழு நாள் கூலி கேட்கக் கூச்சப்படக் கூடாது. இந்தச் சம்பவத்தையே பயிற்சித் தாளாக்கினால் வேண்டுமென்றே நிரப்பிவைத்த ஒரு டேட்டாபேஸை மாணவன் கையில் கொடுக்கலாம். எந்தக் காணொளியிலும் அது கிடையாது.

புதிய பாடத்தில் ஒரு நாள் வகுப்புக்கு நான்கு நாள் தயாரிப்பு வேண்டும். அடுத்த முறை அரை நாளில் முடியும். ஸ்லைடு அழகாக்குவதில் அந்த நான்கு நாளைக் கரைப்பவர்கள் அதிகம். பயிற்சித் தாள்தான் சரக்கு. இருபது நிமிடம் பேச்சு, நாற்பது நிமிடம் கைவேலை என்று பிரிக்கலாம். ஒவ்வொரு பயிற்சிக்கும் தொடக்க நிலை, முடிந்த நிலை இரண்டையும் கிட் (Git) என்ற, கோப்புகளின் பதிப்புகளைக் காக்கும் மென்பொருளில் தனித்தனிக் கிளையாக வைத்தால், பின்தங்கியவர் அடுத்ததில் வந்து சேர்ந்துகொள்வார். பயன்படுத்தும் லைப்ரரிகளின் (ஆயத்த நிரல் தொகுப்புகளின்) பதிப்பு எண்ணை எழுதிக் கட்டிப்போட வேண்டும். 2023 ஏப்ரலில் தரவு அலசும் பைத்தான் லைப்ரரியான பாண்டாஸின் 2.0 பதிப்பு வந்தபோது, டேட்டாஃப்ரேம் என்ற அதன் அட்டவணையில் வரி சேர்க்கும் அப்பெண்ட் கட்டளையை எடுத்துவிட்டார்கள்; பதிப்பு எண் எழுதாத பயிற்சித் தாள்கள் அந்த வரியிலேயே நின்றன.

லேப் இன்னொரு தலைவலி. 30 கணினிகள் ஒரே நேரத்தில் ஆளுக்கு 1 ஜிபி இறக்கினால் விநாடிக்கு 50 மெகாபிட் வேக இணைப்பில் 80 நிமிடம் ஆகும், அதுவும் வேறு யாரும் அந்த இணைப்பைத் தொடாமல் இருந்தால். காலை வகுப்பு அத்தோடு காலி. ஒரே ஐபி முகவரியிலிருந்து கணக்கில்லாமல் இறக்குபவர்களுக்கு மென்பொருள் பொதிகளை இறக்கித்தரும் டாக்கர் ஹப் தளம் உச்சவரம்பும் வைத்திருக்கிறது. தேவையானதெல்லாம் பென்டிரைவில் இருக்கட்டும், அல்லது ஒரு மடிக்கணினியிலிருந்து லேபுக்குள்ளேயே பரிமாறட்டும். அட்மின் பாஸ்வேர்டு யாரிடம் என்று முந்தின நாளே கேட்டுவிட வேண்டும். அவர் அன்றைக்கு லீவில் இருப்பார்.

எல்லைப்புறத்தில் இருப்பவர்களுக்கு ஜிஎஸ்டியில் தனிச் சிக்கல். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் தமிழ்நாட்டிலோ கேரளத்திலோ சேவைக்குப் பதிவு கட்டாயமில்லை. வெளிமாநிலத்துக்குச் செய்யும் சேவைக்கும் 2017 அக்டோபர் முதல் இந்தச் சலுகை உண்டு. 20 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீத வரி. கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் பதிவு வைத்திருப்பவர் கோவைக் கல்லூரிக்குப் பாடம் எடுத்தால், மாநிலம் தாண்டும் சேவைக்கான ஐஜிஎஸ்டி போட வேண்டும். கல்லூரிக்கு ஜிஎஸ்டி எண் இருந்தால் அதன் பதிவு இடம் கணக்கு. இல்லையென்றால் வகுப்பு நடந்த இடம் கணக்கு. கேரளத்திலேயே உள்ள கஞ்சிக்கோட்டு நிறுவனத்துக்கு எடுத்தால் மத்திய அரசுக்கு சிஜிஎஸ்டி 9, மாநில அரசுக்கு எஸ்ஜிஎஸ்டி 9. மாற்றிப் போட்டுவிட்டால் சரியான வரியை மறுபடி கட்டி, தவறாகக் கட்டியதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரிக்கு எடுப்பதால் வரி கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். பொறியியல் கல்லூரிக்கு வெளியாள் எடுக்கும் பயிற்சிக்கு அந்த விலக்கு இல்லை.

வருமான வரி இதைவிட எளிது. 1961 சட்டத்தில் 44ஏடிஏ என்று எல்லோருக்கும் பழகிய பிரிவின்படி வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் வேண்டாம். வரம்பு 50 லட்சம். ரொக்கமாக வாங்கியது 5 சதவீதத்துக்குள் என்றால் 75 லட்சம். 2025இன் புதிய சட்டத்தில் பிரிவு எண் வேறு. முன்வரியை (அட்வான்ஸ் டாக்ஸ்) மார்ச் 15க்குள் ஒரே தவணையில் கட்டிவிட வேண்டும். வாடிக்கையாளர் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) பிடித்தாரா என்பதோடு, உங்கள் பான் எண்ணில் அதை ஏற்றினாரா என்பதையும் 26ஏஎஸ் என்று பழகிய வரிப்பிடித்த விவரப் பட்டியலைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

பணம் வசூலாவது தனிக் கலை. பர்ச்சேஸ் ஆர்டர் கைக்கு வராமல் பேருந்து ஏறக் கூடாது. ஏழு நாளுக்குள் ரத்து செய்தால் பாதிக் கட்டணம் என்று எழுதிவாங்க வேண்டும். காலியான தேதியை வேறு யாருக்கும் விற்க முடியாது. குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், போட்டுவிடுங்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குறு, சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. 2023 நிதிச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, கெடு தாண்டிய பாக்கியைக் கொடுத்த வருடத்தில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும் என்பதால் கம்பெனிகள் மார்ச் மாதத்தில் சுறுசுறுப்பாகிவிடுகின்றன. அறக்கட்டளை நடத்தும் கல்லூரிகளுக்கு அந்தப் பயம் அவ்வளவாக இல்லை.

வேலையை விடுமுன் இரண்டு விஷயம். கம்பெனியின் குழுக் காப்பீடு கடைசி வேலை நாளோடு முடியும்; அதற்கு முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். புதிதாக எடுத்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற பழைய நோய்களுக்கு மூன்று வருடம்வரை காத்திருக்க நேரலாம். இன்னொன்று, சம்பளத்தில் இருக்கும்போது வேலையின் பகுதியாகத் தயாரித்த பாடக் குறிப்பு பதிப்புரிமைச் சட்டப்படி பொதுவாகக் கம்பெனியின் சொத்து. அதை எடுத்துவந்து வகுப்பு நடத்தக் கூடாது. அறிவை எடுத்துவரலாம், கோப்பை அல்ல. போட்டித் தொழில் செய்யக் கூடாது என்று வேலை ஒப்பந்தத்தில் இருக்கும் வரி, வேலை விட்ட பிறகு ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின் முன் நிற்காது. ரகசியம் காக்கும் வரி நிற்கும். இடைத்தரகர் நிறுவனம் வழியாக வகுப்புக்குப் போகிறவர்கள், தாங்கள் எழுதும் பயிற்சித் தாளை அந்த நிறுவனத்துக்கே உரிமையாக்கும் வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் இருக்கும், நீக்கச் சொன்னால் நீக்கித் தருவார்கள்.

இரு மாநில எல்லையோரக் கல்லூரிகளின் பிளேஸ்மென்ட் அதிகாரிகள் இந்தக் கடிதத்தைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: பயிற்சியாளரை முந்தின நாள் மாலை இரண்டு மணி நேரம் லேபில் உட்கார விடுங்கள், அட்மின் பாஸ்வேர்டோடு. ஜிஎஸ்டி எண்ணை ஆர்டரிலேயே அச்சிடுங்கள். 60 பேரை ஒரே லேபில் அடைக்காமல் முப்பது முப்பதாகப் பிரியுங்கள். இரண்டு நாள் கூலி ஆகும், ஆனால் கடைசி வரிசைப் பையனும் விசைப்பலகையைத் தொடுவான்.

இப்படிக்கு,
மென்பொருள் பயிற்சியாளர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.